பரங்கிமலை என்ன வகை? சமூக அறிவியல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் சமூக அறிவியல் நடத்தும் ஆசிரியர்களுக்கு வணக்கம்.

நான் 31 ஆண்டுகள் சர்வேயராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சங்கிலி பிடிப்பது, எல்லைக்கல் நடுவது, வாய்க்கால் தகராறுக்கு அளந்து கொடுப்பது என்றே காலம் போனது. வகுப்பறையில் சாக்பீஸ் பிடித்ததில்லை. நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு போர்ஷன் முடிக்க நீங்கள் படும் பாட்டை என் மனைவி வழியாக அறிவேன். அவர் ஆசிரியையாக இருந்தவர். அதனால் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் நின்றவன் நான். அந்தப் பதில் நம் பிள்ளைகளுக்காவது பள்ளியிலேயே கிடைக்க வேண்டும் என்ற ஆசையில் எழுதுகிறேன்.

முதலில் என் பேத்தி. போன மாதம் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். மடிப்பு மலை, பிண்ட மலை, எரிமலை, எஞ்சிய மலை என்று நான்கு வகைகளையும் உதாரணங்களோடு கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தாள். ஒரு பிழை இல்லை. எங்கள் வீடு பல்லாவரத்தில். மொட்டை மாடியில் நின்றால் பரங்கிமலை தெரியும். "சரி, அதோ இருக்கே, அது என்ன வகை?" என்று கேட்டேன். "அது புக்ல இல்ல தாத்தா" என்றாள்.

ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னால் நானும் அதே நான்கு வகைகளை அதே வரிசையில் ஒப்பித்தவன். அந்த அட்டவணை தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் நான்கு கட்டங்களுக்கு நடுவே கோடு போட்டுப் பிரித்துவிட்டதில், அந்த நான்கையும் செய்வது ஒன்றுதான் என்பது மறைந்துபோகிறது. பூமியின் வெளிப்புறம் பெரிய பெரிய பாறைத் தட்டுகளாகப் பிரிந்து கிடக்கிறது. நாம் வீடு கட்டிக் குடியிருக்கும் இந்தியத் தட்டு ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டாலே போதும், நான்கு வகையும் அதிலும் அதன் ஓரங்களிலும் இருக்கின்றன. அதன் வடக்கு முனை முட்டும் இடத்தில் மடிப்பு மலை. கிழக்கு ஓரம் கீழே அமிழும் இடத்தில் எரிமலை. உள்ளே பிளந்த இடத்தில் பிண்ட மலை. வெயிலும் மழையும் தின்று மிச்சம் வைத்த நடுப்பகுதியில் எஞ்சிய மலை. இதை ஒரே கதையாகச் சொல்லிவிட்டால் மனப்பாடம் செய்ய எதுவுமே இருக்காது.

கதையை ஒரு கணக்கில் தொடங்கலாம் என்பது என் யோசனை. நம் தட்டு ஆண்டுக்குச் சுமார் 5 செ.மீ. வடகிழக்காக நகர்கிறது. பெங்களூரிலும் ஹைதராபாத்திலும் உள்ள நிரந்தர ஜி.பி.எஸ். நிலையங்கள் இதை அளந்து சொல்கின்றன. ஒன்றாம் வகுப்பில் சேரும் குழந்தை பிளஸ் டூ முடித்து வெளியே வரும்போது, அந்தப் பள்ளிக்கூடம் கட்டடத்தோடு, வேப்பமரத்தோடு 60 செ.மீ. தள்ளிப் போயிருக்கும். பெஞ்சில் ஒரு பிள்ளை உட்காரும் இடம் அளவுக்கு. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் நான் நட்ட எல்லைக்கல் ஓய்வு பெற்ற நாளில் ஐந்து அடி நகர்ந்திருந்தது. பக்கத்துக் கல்லும், வயலும், நானும் சேர்ந்தே நகர்ந்ததால் எனக்கு அது தெரியவில்லை. முப்பது ஆண்டு நிலத்தை அளந்தவனுக்கு நிலம் நகர்வது தெரியாமலே போயிற்று என்பது இன்றும் எனக்கு வியப்பு.

இப்போது அந்த 5 செ.மீட்டரை 5 கோடியால் பெருக்கச் சொல்லுங்கள். ஏனென்றால் இந்தியா ஆசியாவோடு மோதத் தொடங்கிச் சுமார் 5 கோடி ஆண்டுகள் ஆகின்றன. விடை 25 கோடி செ.மீ., அதாவது 2,500 கி.மீ. கன்னியாகுமரியிலிருந்து டெல்லிக்கு நேர்கோடு போட்டால்கூட அவ்வளவு நீளம் வராது. மோதிய பிறகும் இந்தியா நிற்கவில்லை, இவ்வளவு தூரம் உள்ளே தள்ளிக்கொண்டே போயிருக்கிறது. அப்படியானால் நடுவில் இருந்த நிலம் எங்கே போயிற்று? இந்தக் கேள்வியைக் கரும்பலகையில் எழுதிவிட்டு ஐந்து நிமிடம் பேசாமல் இருங்கள். பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். கொஞ்சம் மடிந்திருக்கும், கொஞ்சம் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருக்கும், கொஞ்சம் பக்கவாட்டில் பிதுங்கியிருக்கும். மூன்றுமே உண்மை. திபெத்தின் அடியில் மேலோட்டின், அதாவது பூமியின் வெளிப்புறப் பாறை ஓட்டின், தடிமன் 70 கி.மீ. வரை இருக்கிறது. மற்றக் கண்டப் பகுதிகளில் பொதுவாக 35 முதல் 40 கி.மீ.தான். ஏறக்குறைய இரண்டு பங்கு. காணாமல் போன நிலத்தின் பெரும்பகுதி அங்கே அடுக்கிக் கிடக்கிறது. இன்னொரு பகுதி கிழக்குப் பக்கமாகப் பிதுங்கிப் போயிற்று.

இங்கே எனக்கு ஒரு சின்ன மனக்குறை உண்டு. மடிப்பு மலை என்றதும் ஜமுக்காளத்தை இரண்டு பக்கமும் தள்ளினால் சுருக்கம் விழுவதைக் காட்டுவோம். நல்ல உதாரணம்தான். ஆனால் இமயம் வெறும் சுருக்கத்தால் இவ்வளவு உயரம் வரவில்லை. பாறைத் தகடுகள் உடைந்து, ஒன்றின் முதுகில் ஒன்று ஏறி, அதன் முதுகில் இன்னொன்று ஏறியதால் வந்த உயரம் அது. நாட்டு ஓடு வேய்ந்த கூரையைப் பார்த்த பிள்ளைக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது சுலபம். ஓட்டின் மேல் ஓடு ஏறியிருப்பது போல, வடக்கே உள்ள தகடு தெற்கே உள்ளதன் மேல் ஏறியிருக்கிறது. அடியில் இந்தியா இன்னும் நுழைந்துகொண்டே இருக்கிறது. நகர்ந்துவரும் 5 செ.மீட்டரில் ஏறத்தாழ 2 செ.மீட்டரை இமயம் மட்டும் வாங்கிக்கொள்கிறது. மீதி திபெத்திலும் அதற்கு அப்பாலும் பரவுகிறது.

ஆனால் இந்த 2 செ.மீ. ஆண்டுதோறும் அமைதியாக நழுவிப் போவதில்லை. தகடுகள் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொள்கின்றன. பல பத்தாண்டுகள், சில இடங்களில் நூற்றாண்டுகள், இறுக்கம் சேர்ந்துகொண்டே போகிறது. பிறகு ஒரு நாள் பிடி விடுகிறது. 2015 ஏப்ரல் 25 அன்று நேபாளத்தில் அப்படித்தான் விட்டது. 7.8 அளவு நிலநடுக்கம். ஏறத்தாழ 9,000 பேர் போய்விட்டார்கள். அன்று காத்மண்டு பள்ளத்தாக்கு ஒரு நிமிடத்துக்குள் சுமார் ஒரு மீட்டர் மேலே எழுந்தது. அதற்கு வடக்கே பெரிய சிகரங்கள் இருக்கும் பகுதி சற்றே தாழ்ந்தது. மலை வளர்வது என்றால் இதுதான். செடி வளர்வது போல நாள்தோறும் வளர்வதில்லை. குலுங்கிக் குலுங்கித்தான் வளர்கிறது. ஒவ்வொரு குலுங்கலுக்கும் யாரோ உயிர் கொடுக்கிறார்கள். பாடத்தில் மலைகளுக்கு ஒரு அத்தியாயம், நிலநடுக்கத்துக்கு வேறொரு அத்தியாயம் என்று பிரித்து வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லாததற்கு இதுதான் காரணம்.

இனி எனக்குப் பதில் தெரியாமல் போன அந்தக் கேள்விக்கு வருகிறேன்.

2004 சுனாமிக்குப் பிறகு சில வாரங்கள் நாகைக் கடற்கரையில் மனைகளை அளக்கும் வேலை எனக்கு. அளப்பதற்கு எல்லைக்கல் இல்லை, சில இடங்களில் தெருவே இல்லை. ஒரு மீனவக் குப்பத்தில் வயதான அம்மா ஒருவர் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். பேரனைப் பறிகொடுத்தவர் என்று பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள். டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்த என்னைப் பார்த்து, "நீங்க படிச்சவங்க, சொல்லுங்க சார், கடல் ஏன் இப்படிப் பண்ணுச்சு?" என்று கேட்டார். கடலுக்கு அடியில் பூகம்பம் என்றேன். "அது ஏன் வந்துச்சு?" என்றார். எனக்குத் தெரியவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன்.

பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். இமயத்தைத் தூக்கும் அதே தட்டின் கிழக்கு ஓரம்தான் அந்தமான், சுமத்ரா வழியாகப் போகிறது. வடக்கே கண்டமும் கண்டமும் மோதுகின்றன. கண்டப் பாறை எடை குறைந்தது, எளிதில் அமிழாது, அதனால் அடுக்கிக்கொண்டு உயர்கிறது. கிழக்கே வந்து சேர்வது கடலடித் தரை. அது கனமானது, அதனால் எதிரே உள்ள தட்டுக்கு அடியில் சரிந்து உள்ளே போகிறது. போகும்போது அங்கேயும் இதே பிடிமானம், இதே இறுக்கம். 2004 டிசம்பர் 26 காலையில் சுமத்ராவுக்கு மேற்கே தொடங்கி வடக்கே அந்தமான் வரை ஏறத்தாழ 1,300 கி.மீ. நீளத்துக்கு அந்தப் பிடி விட்டது. 9.1 அளவு. கடலின் தரையே மேலே எழும்ப, அதன் மேல் நின்ற தண்ணீர் முழுவதும் எழும்பிப் புறப்பட்டது. தமிழ்நாட்டுக் கரைக்கு வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆயிற்று. தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 8,000 பேர் இறந்தார்கள்.

அந்தமான் தீவுகள் என்று நாம் வரைபடத்தில் பொட்டுப் பொட்டாகக் காட்டுவது, கடலில் மூழ்கி நிற்கும் ஒரு மலைத்தொடரின் உச்சிகள். அமிழ்ந்து போகும் தட்டின் மேலிருந்த வண்டல், உள்ளே போக முடியாமல் வழித்தெடுக்கப்பட்டுக் குவிந்ததும் அந்தத் தொடரில் சேர்ந்திருக்கிறது. அதற்குக் கிழக்கே பாரன் தீவு இருக்கிறது. இந்திய மண்ணில் உயிரோடு இருக்கும் எரிமலை. நீண்ட உறக்கத்துக்குப் பிறகு 1991ல் மறுபடி கக்கத் தொடங்கியது. தட்டோடு சேர்ந்து கீழே போகும் நீர், ஆழத்தில் சூடேறி வெளியே வந்து, மேலே உள்ள பாறையைச் சுலபமாக உருகவைக்கிறது. உருகியது மேலே ஏறுகிறது. அட்டவணையில் முதல் கட்டத்தில் இமயம், மூன்றாம் கட்டத்தில் எரிமலை. தரையில் பார்த்தால் ஒரே தட்டு, அதே நகர்வு. அந்த அம்மாவுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இவ்வளவுதான். நாகப்பட்டினத்திலும் கடலூரிலும் குளச்சலிலும் இன்று ஆறாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைகள் சுனாமிக்குப் பிறகு பிறந்தவர்கள். அவர்களுக்காவது இதை மலைப் பாடத்தோடு சேர்த்துச் சொல்லுங்கள்.

பிண்ட மலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தட்டு முட்டும் இடத்தில் மட்டும் மலை வருவதில்லை, இழுபட்டுப் பிளக்கும் இடத்திலும் வரும். இரண்டு பக்கமும் தரை இறங்கிவிட, நடுவில் உள்ள பாளம் உயரமாக நிற்கும். நர்மதையும் தபதியும் ஓடும் பிளவுகளுக்கு நடுவே சாத்பூரா நிற்பது அப்படி. நம் மேற்குத் தொடர்ச்சி மலையை இமயத்தைப் போல மடிந்து எழுந்தது என்று நினைக்கும் பிள்ளைகள் உண்டு. அது பெரும்பாலும் பீடபூமியின் ஓரம். சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன்பு மடகாஸ்கரும், அதன் பின்பு சீஷெல்ஸும் இந்தியாவை விட்டுப் பிரிந்தபோது கிழிந்த விளிம்பு. அதனால்தான் கேரளப் பக்கத்திலிருந்து பார்த்தால் சுவர் மாதிரி நிற்கிறது. அதன் வடபகுதி தக்காண எரிமலைக் குழம்பு உறைந்த பாறை. தென்பகுதி, நீலகிரியும் சேர்த்து, அதைவிடப் பல மடங்கு பழைய பாறை. 2,637 மீட்டர் தொட்டபெட்டாவின் கல்லுக்கு ஏறத்தாழ 250 கோடி வயது. இவ்வளவு பழைய பாறை ஏன் இன்னும் இத்தனை உயரத்தில் நிற்கிறது என்று ஆராய்ச்சியாளர்கள் இப்போதும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். அந்த வாதத்தையும் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும். முடிந்துபோன பாடத்தைவிட முடியாத பாடம்தான் ஒரு பிள்ளையைப் புவியியல் பக்கம் இழுக்கும்.

மடகாஸ்கர் பேச்சு வந்ததால் ஒன்று. எந்த வகுப்பிலும் ஒரு பையன் எழுந்து லெமூரியாவைப் பற்றிக் கேட்பான். தவிர்க்காதீர்கள். மடகாஸ்கரில் வாழும் லெமூர் என்ற விலங்குக்கு உறவான தேவாங்கு இந்தியாவில் எப்படி வந்தது என்ற புதிருக்கு விடையாக, 1864ல் பிலிப் ஸ்கிளேட்டர் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர், நடுவே ஒரு நிலம் இருந்து மூழ்கியிருக்க வேண்டும் என்று எழுதினார். கண்டங்களே நகரும் என்று அன்று பெரும்பாலோர் நினைக்கவில்லை. நகர்வது உறுதியான பிறகு அந்த மூழ்கிய கண்டத்துக்கு அறிவியலில் தேவை இல்லாமல் போயிற்று. நம் பழம்பாடல்களில் வரும் கடல்கோளை இலக்கியமாக மதித்துப் படிப்பதற்கு இது தடை அல்ல. இரண்டையும் குழப்பாமல் சொன்னால் பிள்ளைகள் புரிந்துகொள்வார்கள். நகர்வுக் கொள்கையை 1912ல் சொன்ன ஆல்ஃபிரட் வெகனரையும் உலகம் உடனே ஏற்கவில்லை. எது தள்ளுகிறது என்று அவரால் காட்ட முடியவில்லை. 1930ல் கிரீன்லாந்துப் பனியில் இறந்துபோனார். கடலடித் தரையை அளந்து வரைந்த பிறகு, 1960களில்தான் அவர் சொன்னதன் சாரம் நிலைபெற்றது.

இப்போது என் தொழில் சம்பந்தப்பட்ட பகுதி. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல அனுமதியுங்கள்.

1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் என்ற அதிகாரி பரங்கிமலை அடிவாரச் சமவெளியில் ஒரு நேர்கோட்டை அளக்கத் தொடங்கினார். நூறு அடி இரும்புச் சங்கிலியை வெயில் படாமல் கூடாரத்துக்கு அடியில் வைத்து, திரும்பத் திரும்பப் போட்டு, ஏழரை மைல் அளக்க 57 நாட்கள் ஆயின. அந்த ஒரு கோட்டிலிருந்து முக்கோணத்தின் மேல் முக்கோணமாக இந்தியா முழுவதும் வளர்ந்ததுதான் பெரும் முக்கோண அளவை. மேடு இல்லாத ஊரில் கோயிலின் உச்சி உதவிற்று. 1808ல் தஞ்சைப் பெரிய கோயிலில் அரை டன் எடையுள்ள தியோடலைட் என்ற கோணம் அளக்கும் கருவியை மேலே ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நசுங்கியது. லாம்டன் உட்கார்ந்து அதைத் தானே சரிசெய்தார். அவர் காலத்துக்குப் பிறகும் அந்த முக்கோணங்கள் வடக்கே நகர்ந்து இமயத்தை எட்டின. வங்காளத்துக் கணக்காளர் ராதாநாத் சிக்தார் 15ஆம் சிகரமே, அதாவது இன்றைய எவரெஸ்டே, உலகில் உயரமானது என்று கணக்கிட்டுச் சொன்னார். 1856ல் 29,002 அடி என்று அறிவித்தார்கள். இன்றைய அளவு 8,848.86 மீட்டர், 2020ல் நேபாளமும் சீனாவும் சேர்ந்து அறிவித்தது.

இதைவிட எனக்குப் பிடித்தது, அந்த அளவையில் வந்த ஒரு பிழை. மத்திய இந்தியாவில் கல்யாண்பூர், இமயத்துக்குத் தெற்கே சமவெளியில் கல்யாணா என்று இரண்டு இடங்கள். இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 600 கி.மீ. முக்கோணக் கணக்கில் ஒரு தூரம் வந்தது, நட்சத்திரத்தைப் பார்த்துக் கணக்கிட்டால் வேறு தூரம் வந்தது. வித்தியாசம் 5.236 விகலை (ஒரு பாகையில் 3,600இல் ஒரு பங்குதான் ஒரு விகலை). தரையில் சுமார் 160 மீட்டர். இவ்வளவு கவனமாக அளந்தவர்களுக்கு இது பெரிய பிழை. நட்சத்திரத்தைப் பார்க்கும்போது செங்குத்து எது என்று காட்டுவது தூக்குக்குண்டு. இமயத்தின் பிரம்மாண்டமான எடை அந்தக் குண்டைத் தன் பக்கம் லேசாக இழுத்திருக்கும் என்று சந்தேகம் வந்தது. கல்கத்தாவில் இருந்த பாதிரியார் ஜான் பிராட் கணக்குப் போட்டுப் பார்த்தார். மலையின் எடைக்கு 15.885 விகலை வித்தியாசம் வந்திருக்க வேண்டும். வந்ததோ அதில் மூன்றில் ஒரு பங்கு. வெளியே தெரியும் அளவுக்கு மலை இழுக்கவில்லை!

1855ல் ஜார்ஜ் ஏரி என்ற வானியலாளர் ஒரு விளக்கம் தந்தார். மலை என்பது தரையின் மேல் வைத்த கல் அல்ல. தண்ணீரில் மிதக்கும் மரக்கட்டை மாதிரி. கட்டை எவ்வளவு பெரிதாக வெளியே தெரிகிறதோ அதற்கேற்ப உள்ளே ஆழமாக இறங்கியிருக்கும். இமயத்துக்கும் கீழே எடை குறைந்த பாறையால் ஆன வேர் இருக்கிறது. கனமான பாறை இருக்க வேண்டிய ஆழத்தில் எடை குறைந்த பாறை இருப்பதால்தான் இழுவை குறைகிறது. மேலோட்டுக்குக் கீழே உள்ள கவசம் என்ற பாறை அடுக்கு திரவம் இல்லையே, அதில் எப்படி மிதக்கும் என்று பிள்ளைகள் கேட்டால் ரோடு போடும் இடத்தில் உள்ள தாரைக் காட்டுங்கள். சுத்தியலால் அடித்தால் கல் போல உடையும். நாள்கணக்கில் விட்டால் தானாகச் சரிந்து பரவும். பாறையும் போதிய சூடும் காலமும் கிடைத்தால் அப்படித்தான். ஒரு தூக்குக்குண்டு கொஞ்சம் குறைவாகச் சாய்ந்ததிலிருந்து மலைக்கு வேர் உண்டு என்று கண்டுபிடித்தார்கள். முப்பது ஆண்டுகள் தூக்குக்குண்டைக் கையில் வைத்திருந்த எனக்கு இதைப் படித்த அன்று இரவு தூக்கம் வரவில்லை.

வேர் என்று ஒன்று இருந்தால் அடுத்த விஷயம் தானாக வருகிறது. படகிலிருந்து மூட்டைகளை இறக்க இறக்கப் படகு மேலே எழும். மழையும் ஆறும் பனியும் மலையின் தலையைச் சீவச் சீவ, அடியில் உள்ள வேர் மேலே வருகிறது. சீவியது எங்கே போகிறது? கங்கையும் பிரம்மபுத்திராவும் சுமந்து வந்து வங்கக் கடலில் கொட்டுகின்றன. கடலடியில் அந்த வண்டல் விசிறி போல 3,000 கி.மீ. நீளத்துக்குப் பரவி, இலங்கையையும் தாண்டித் தெற்கே போகிறது. சில இடங்களில் பல கி.மீ. தடிமன். நாம் மெரினாவில் நின்று பார்க்கும் கடலின் ஆழத்தில் இமயத்தின் பொடி படிந்திருக்கிறது. இன்னொரு பக்கம், கடலில் கிடந்தது இமயத்தின் தலையில் இருக்கிறது. எவரெஸ்ட் உச்சியின் பாறை சுமார் 45 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கடலடிச் சுண்ணாம்புக்கல். நேபாளத்தின் கண்டகி ஆற்றில் எடுத்து நம் வீட்டுப் பூஜையறைகளில் வைத்து வணங்கும் சாளக்கிராமத்தில் தெரியும் சக்கரச் சுருள், இந்தியாவுக்கும் ஆசியாவுக்கும் நடுவே அன்று இருந்த டெதிஸ் கடலில் வாழ்ந்த அம்மோனைட் என்ற உயிரினத்தின் ஓடு. அம்மோனைட்டுகளின் ஓடுகள் அரியலூர்ச் சுண்ணாம்புச் சுரங்கங்களிலும் கிடைக்கின்றன. அரியலூரில் கடல் நிலத்துக்குள் ஏறி வந்துவிட்டுப் பின்வாங்கியது. கண்டகியில் கடலின் தரையே வானத்துக்கு ஏறியது. இரண்டு கல்லையும் மேசை மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு வகுப்பு நடத்தினால் எப்படி இருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

சரி, பரங்கிமலை. என் பேத்திக்கு இன்னும் பதில் சொல்லவில்லையே.

பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் உள்ள கருங்கல்லுக்குச் சார்னோகைட் என்று பெயர். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்பவரின் கல்லறையில் பதித்திருந்த கல் இங்கிருந்து போனது. அவர் பெயரையே 1893ல் தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் இந்தப் பாறைக்கு வைத்தார். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை இந்தப் பாறையைத் தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக அறிவித்திருக்கிறது. இந்தக் கல்லில் உள்ள கனிமங்கள் உருவாக வேண்டுமானால் 700 டிகிரிக்கு மேல் சூடும், ஏறத்தாழ 20 கி.மீ.க்கும் கீழே உள்ள அழுத்தமும் வேண்டும். அதாவது இது மேலோட்டின் அடிப்பகுதியில் வெந்த கல். ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே பெரிய மலைத்தொடர் ஒன்று இருந்தது, நாம் இன்று பார்ப்பது அதன் வேர்ப்பகுதி என்றே பலரும் கொள்கிறார்கள். மேலே இருந்த 20 கி.மீ. பாறையும் கரைந்து போய், சுமை இறங்கிய படகு போல வேர் மேலே வந்திருக்கிறது. எஞ்சிய மலை என்று அட்டவணையின் கடைசிக் கட்டத்தில் நாம் போடுவது இதைத்தான்.

மலைக்கு வேர் உண்டு என்று கண்டுபிடிக்க வழி செய்த அளவையின் முதல் சங்கிலி, ஒரு பழைய மலையின் வேர் மேலே வந்து நிற்கும் இடத்தில் விழுந்தது. லாம்டனுக்கு அது தெரிய வாய்ப்பில்லை. நம் பிள்ளைகளுக்குத் தெரியலாம். அந்தக் கல்லை ஜல்லியாக உடைத்துத்தான் சென்னையின் வீடுகளையும் பள்ளிகளையும் கட்டியிருக்கிறோம். பிள்ளைகள் அதன் மேல்தான் உட்கார்ந்து மலைகளின் வகைகள் நான்கு என்று எழுதுகிறார்கள்.

நான் கேட்பது பெரிய மாற்றம் இல்லை. புத்தகம் அப்படியே இருக்கட்டும், தேர்வும் இருக்கட்டும். அந்த அட்டவணையை நடத்தும் நாளில் கூடவே ஒரு இந்தியத் தட்டின் வரைபடத்தை மாட்டி, நான்கு வகையும் அதில் எங்கே எங்கே என்று பிள்ளைகளையே குறிக்கச் சொல்லுங்கள். உங்கள் ஊர்க் குன்றையும் சேர்த்துக் குறிக்கச் சொல்லுங்கள். சேலத்துப் பிள்ளைக்குச் சேர்வராயன், வேலூர்ப் பிள்ளைக்கு ஜவ்வாது, கோவைப் பிள்ளைக்குப் பாலக்காட்டுக் கணவாய். காற்றாலைகளைச் சுழற்றும் காற்று புகுந்து வரும் அந்தக் கணவாய், கோண்டுவானா என்ற பழைய பெருங்கண்டம் ஒன்று சேர்ந்த காலத்தில் இரண்டு கண்டத் துண்டுகள் ஒட்டிக்கொண்ட தையலை ஒட்டிக் கிடக்கிறது என்று பல புவியியலாளர்கள் கருதுகிறார்கள். அப்புறம், எங்காவது நிலநடுக்கம் என்று செய்தி வந்தால் மறுநாள் காலை அட்லஸைத் திறந்து எந்த ஓரம் நழுவியது என்று பத்து நிமிடம் பேசுங்கள். அன்று நடத்தினால் மறக்காது.

சென்னைக்குப் பக்கத்தில் உள்ள எந்தப் பள்ளியாவது தன் பிள்ளைகளைப் பரங்கிமலைக்கு அழைத்துப் போவதாக இருந்தால் சொல்லி அனுப்புங்கள். படியேற என் முழங்கால் இன்னும் ஒத்துழைக்கிறது. பழைய அளவைச் சங்கிலி ஒன்றும், தூக்குக்குண்டு ஒன்றும் என் வீட்டுப் பரணில் இருக்கின்றன. துடைத்து எடுத்துக்கொண்டு அடிவாரத்தில் வந்து நிற்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சர்வேயர் ஒருவர்,
பல்லாவரம்